பிஸ்கட் டின்னில் வந்த திட்டு

எங்கள் சித்தியைத் திட்டி வந்த கடிதங்களை ஒன்றுவிடாமல் கிழித்துப் போட்டவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு.

சித்தி அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு சின்ன வானொலியில் ஞாயிறு மத்தியானம் பழைய தமிழ்ப் பாட்டுகள் போடுவாள். நடுநடுவே எந்தக் கப்பல் வந்தது, எது தாமதம் என்றும் சொல்வாள். அந்த மாதம் புது அதிகாரி ஒருவர் வந்து, இதையெல்லாம் யார் கேட்கிறார்கள், நேயர் கடிதம் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். சித்திக்குச் சோறு இறங்கவில்லை. ஜங்லிகாட்டில் இருந்த அப்பாவின் மளிகைக் கடையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, எழுதுகிறவர்கள் அதில் போடலாம் என்று வானொலியில் அறிவித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் டின்னிலிருப்பதை வீட்டுக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு.

முதல் நாளே பிரித்துப் பார்த்தேன். திட்டாக இருந்தது. பாட்டு முடிவதற்குள் கப்பல் சேதிக்கு என்ன அவசரம், சென்னைக் கப்பல் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது என்று ஒருவர். தமிழில் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை இந்தி 'அச்சா' எதற்கு என்று ஹேடோ குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அம்மாள். எதிர்க்கரையிலிருந்து பாம்பூஃப்ளாட்காரர் ஒருவர் வாராவாரம் ஃபெரியில் வந்து போட்டுவிட்டுப் போனார். கடைசிச் சரணத்தை வெட்டாதே அம்மா, அதற்காகத்தான் ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று.

இதை அதிகாரி பார்த்தால் சித்தியின் கதி என்ன? வழியிலேயே கிழித்துச் சாக்கடையில் விட்டேன். ஒவ்வொரு நாளும் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வேன். குரல் தேன் மாதிரி இருக்கிறது என்று புகழ்ந்த மூன்றை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாதக் கடைசியில் சித்தி அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அம்மா அவசரமாக அடுப்படிக்குள் போனாள்.

"மூணும் அக்கா கையெழுத்து. அப்போ நெஜமா ஒருத்தரும் கேக்கலை" என்றாள் சித்தி.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். சித்தி தடுத்து, என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டாள். பயத்தில் பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தேன். சென்னைக் கப்பலுக்குச் சிரித்தாள். பாம்பூஃப்ளாட்காரர் கடிதத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அதை இன்னொரு தடவ சொல்லு" என்றாள். இதுவும் ஒரு தண்டனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.

அதிகாரியிடம் காட்ட நிஜக் கடிதம் ஒன்றும் இல்லாததால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். கடைசி ஞாயிறன்று சித்தி கப்பல் சேதியே சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டும் கடைசிச் சரணம் தாண்டி, வாத்தியம் ஓயும்வரை ஓடியது.

மறுநாள் டின்னில் ஒரு கடிதம் கிடந்தது. பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி உரக்கப் படித்தாள். பாட்டெல்லாம் சரி, கப்பல் சேதி ஏன் சொல்லவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று பாம்பூஃப்ளாட்காரர் கேட்டிருந்தார். படித்து முடித்துவிட்டுச் சித்தி தேம்பித் தேம்பி அழுதாள்.

பாவி மனுஷன், நிகழ்ச்சியே போன பிறகும் திட்டுகிறானே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.