கைலாசகோனை வழியில் ஒரு வாசற்படி

நிலைப்படியின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு ஒரு கயிற்றுக் கட்டில் வெளியே வந்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். கட்டிலில் ஒரு வயதான அம்மாள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். வெயில் முகத்தில் பட்டதும் கண்ணை இறுக்கிக்கொண்டார். நாராயணவனத்தில், பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு நெசவுத் தெருவில் நான் பார்த்தது இது. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்குப் போயாயிற்று, குற்றாலத்துக்கே மூன்று முறை போயிருக்கிறேன். இருந்தாலும் யாராவது சுற்றுலா என்று பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தெருவுக்கு வந்த அந்தக் கட்டில்தான்.

அதைத் தெருவுக்கு வரவழைத்தவர் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அதே ஊர்ப் பிள்ளையார்பாளையத்துக்கு நான் மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் மூன்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாமியார் காலமாகியிருந்தார். வீடு அக்காவின் கையில் இருந்தது. சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார், உட்கார்ந்தால் தறிக்கு நூல்தார் சுற்றுவார். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. தெருவில் பாத்திரம் விற்க வருகிறவரோ, பூட்டுக்குச் சாவி போடுகிறவரோ, புத்தூர், நகரி பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்துவிட்டால், வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். "எங்க ஊர் பக்கம் மழ பெஞ்சிதாபா?" என்று கேட்பார். பெய்தது என்றால் சந்தோஷமாகத் திரும்பி வருவார். வேறு எதுவும் கேட்க மாட்டார். மழையைப் பற்றி ஏன் இத்தனை அக்கறை என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயிற்று.

அவர் பிறந்த ஊர் நாராயணவனம். பதினோரு வருஷமாக அவர் அந்த ஊருக்குப் போகவில்லை. அவருடைய தம்பியின் கல்யாணத்தில் சந்தனமும் தாம்பூலமும் முதலில் மூத்த மாப்பிள்ளையான அக்காவின் கணவருக்கு, நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவருக்கு, வந்திருக்க வேண்டும். கூட்டத்தில் யாரோ தாம்பூலத் தட்டைப் பெண் வீட்டுப் பெரியவரிடம் முதலில் நீட்டிவிட்டார்கள். பெரிய மாமா பந்திக்கு உட்காராமல் மனைவியையும் ஒரு வயசுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் அந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னார். அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக்கொடுத்தார். கெட்டவர் இல்லை பெரிய மாமா. எனக்கு ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தட்டு அவர் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் தெரு மாதர் சங்கம் ஒருநாள் சுற்றுலா ஏற்பாடு செய்தது. வழிகாட்டி, ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர். கறுப்புக் கோட்டு, கழுத்தில் விசில், கையில் ஒரு நோட்டுப் புத்தகம். எந்த ஊரில் எத்தனை நிமிஷம் என்று அதில் எழுதிவைத்திருந்தார். நாங்கள் அவரைக் கைடு சார் என்றோம். திருத்தணி, நாராயணவனம், கைலாசகோனை அருவி, சாயங்காலம் நாகலாபுரம் என்பது திட்டம். குழந்தைகளுக்கு இடமில்லை. தெருவே கிளம்பும்போது அக்காவை மட்டும் போகாதே என்று சொல்லப் பெரிய மாமாவுக்கு வாய் வரவில்லை. என்னிடம்தான் வந்தார். "நீ அவ கூடயே இரும்மா. அந்த ஊர்ல எறக்குவாங்க. அப்டி இப்டி போவாம பாத்துக்கோ." சரி மாமா என்று தலையாட்டினேன். பத்தொன்பது வயசு, வந்து ஒரு வருஷம் ஆன மருமகள். வேறென்ன சொல்ல முடியும்?

கார்த்திகை மாதம், விடியற்காலையில் பஸ் கிளம்பியது. அரக்கோணம் வரை பெண்கள் பாட்டுப் பாடினார்கள். கைடு சார் முன்சீட்டில் திரும்பி நின்றுகொண்டு, பஸ் குலுக்கலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பல்லவர் கதை சொன்னார். அவருக்கு மிகவும் பிடித்த இடம் நாகலாபுரம். விஜயநகர ராஜா ஒருவர் தன்னைப் பெற்ற தாயின் பெயரால் உண்டாக்கிய ஊர் அது, அங்கே ஒரு மணி நேரம் பேசப்போகிறேன் என்று எச்சரித்தார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். புத்தூரைத் தாண்டியதும் அவர் கை என் கையைப் பிடித்துக்கொண்டது.

நாராயணவனத்தில் இறங்கியதும் கைடு சார் விசில் ஊதினார். "நாப்பது நிமிஷம். நாப்பத்தோரு நிமிஷம் ஆனா பஸ்ஸு போயிடும்." கோயிலுக்குள் போனோம். பெருமாள் கல்யாணத்துக்கு மாவரைத்தது என்று சொல்லும் பெரிய கல் எந்திரத்தைக் காட்டி அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா மெல்லப் பின்வாங்கி வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கோபுர வாசலில் திரும்பிப் பார்த்தார். "நீ பாக்கலன்னு சொல்லிடு."

"பாத்துக்கினுதானக்கா இருக்கறேன்."

"அப்ப கூட வா. நான் உள்ள போவமாட்டேன். அதுக்கு நீயே சாட்சி."

அந்தச் சமயத்தில் நான் அவரைத் தடுத்திருக்கலாம். தடுப்பதற்குத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாராலும் தடுத்திருக்க முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாவது தெருவில் ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றார். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. படிக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நின்றுகொண்டு தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தறி நின்றது. வெளியே வந்தவர் ஒரு கணம் யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு "அக்கா" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்.

"உள்ள வாக்கா."

"வரமாட்டேன்பா. பாப்பா தல மேல அடிச்சி சத்தியம் குடுத்துருக்கறேன். அம்மா எப்டி இருக்குது?"

"வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சிபோயி ஒரு வருஷமா படுக்கைல இருக்குதுக்கா. உனக்கு நாலு லெட்டரு போட்டேனே. ஒண்ணுக்கும் பதிலே இல்லியே?"

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரரிடம் தபால் வாங்குவது பெரிய மாமாதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யார்ரா அது? என் பொண்ணு கொரலு மாதிரி இருக்குது?"

தம்பி உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார் போலிருக்கிறது. அடுத்த நிமிஷம் அந்தக் குரல் தெருவுக்கே கேட்டது. "சத்தியம் பண்ணது அவதானே, நான் பண்ணலியே! என்னத் தூக்கிக்கினு போங்கடா!"

அப்போதுதான் கட்டில் வெளியே வந்தது. தம்பியும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் அதைத் தூக்கி வந்து வேப்பமரத்து நிழலில் இறக்கினார்கள். அக்கா மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அம்மாள் மகளுடைய முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். "இளச்சிட்டியேம்மா" என்றார். அக்கா அந்தச் சிக்குப் பிடித்த நரைமுடியைப் பார்த்தார். சீப்பு கொண்டுவரச் சொல்லித் தலைமாட்டில் உட்கார்ந்து வாரத் தொடங்கினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்கு வாரிக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. விசிலை வாயில் வைத்தபடி கைடு சார் தெருமுனையில் தோன்றினார். பின்னாலேயே எங்கள் தெருப் பெண்கள் முப்பது பேரும் கோபத்தோடு வந்தார்கள். கட்டிலைப் பார்த்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் ஓடிப்போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

அம்மாள் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "இவங்கள்ளாம் யாரு? எங்க போறாங்க?"

"கோனைக்கு மா," என்றார் அக்கா.

"ஒன்னக் கட்டிக்குடுத்த வருஷம் போனது. அப்பறம் போவல. நானும் வரேன்."

பஸ் டிரைவர் கூட்டத்தின் பின்னாலிருந்து, "படுத்த படுக்கையா இருக்கறவங்கள எல்லாம் ஏத்தமுடியாது சார்" என்றார். கைடு சார் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். "நாகலாபுரம் கோயிலு எத்தினி நூறு வருஷமாவோ நிக்குது. இன்னொரு மாசம் நிக்காதா? பெத்தவ பேர்ல கட்டுன ஊரப் பாக்கறதுக்காகப் பெத்தவளயே வுட்டுட்டுப் போனா, நான் என்னத்தச் சரித்திரம் சொல்லிக்குடுத்தேன்?" என்றார். சங்கத் தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு அவரே முன்னால் போய்ப் பின்சீட்டைத் துடைத்துவிட்டார்.

கோனையில் பஸ் நின்ற இடத்திலிருந்து தம்பி தன் தாயை முதுகில் சுமந்து வந்தார். மழை முடிந்த சமயம். மலைப்பிளவிலிருந்து தண்ணீர் ஒரே தாரையாக விழுந்துகொண்டிருந்தது, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. சாரல் படும் பாறையில் அம்மாளை உட்காரவைத்து, அக்கா பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் சொம்பில் மொண்டு மொண்டு கொடுத்தேன். அம்மாளுக்கு அது போதவில்லை. "இன்னும் பக்கத்துல வைங்கடீ!" என்று கத்தினார். நான்கு பெண்கள் சேர்ந்து தூக்கி அருவியின் ஓரத்துக்கே நகர்த்தினோம். தண்ணீர் தோளில் விழுந்ததும் அவர் சின்னப் பெண் மாதிரி கூச்சல் போட்டார். அக்கா சிரித்தார். ஒரு வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவருக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கைடு சார் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாருமில்லாத பாறைகளைப் பார்த்து நின்றிருந்தார்.

திரும்பி நாராயணவனத்துக்கே வந்தோம். கட்டில் வேப்பமரத்தடியில் காத்திருந்தது. உள்ளே தூக்கும்போது அம்மாள் அதட்டினார்: "தலப்பக்கம் முன்னால போற மாதிரி திருப்புங்கடா. நான் அவளப் பாத்துக்கினே உள்ள போவணும்." அப்படியே திருப்பினார்கள். அக்கா படிக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நின்றார். இருட்டு அந்த முகத்தை மறைக்கும் வரை நின்றுவிட்டு வந்து பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் காலையில் பெரிய மாமா தறியில் உட்கார்ந்ததும் அக்கா அவர் எதிரில் போய் நின்றார். நான் பக்கத்து அறையில் நூலோடு இருந்தேன். "போனேன். வாசப்படிய மிதிக்கல. அம்மாவ அருவிக்கு இட்டுக்கினு போயி குளிப்பாட்டுனேன். நாலு லெட்டரு வந்துச்சாமே." தறி நின்றது. பக்கத்துத் தறியில் இருந்த என் கணவரும் நிறுத்திவிட்டார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தறி ஓடத் தொடங்கியது. நீ ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவர் என்னைக் கேட்பார் என்று நாள் கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

பங்குனியில் தந்தி வந்தது. பெரிய மாமா அதை வாங்கி, நேராக அடுக்களைக்குள் வந்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா என்னிடம் நீட்டினார். படித்துச் சொன்னேன். பெரிய மாமா உள்ளே போய்த் தானே நெய்து வைத்திருந்த புதுச் சேலை ஒன்றை எடுத்து வந்தார். எல்லாரும் கிளம்பினோம். அங்கே அம்மாளைத் தெருப்பந்தலில் கிடத்தியிருந்தார்கள். அதனால் அன்றைக்கும் யாரும் படி ஏற வேண்டியிருக்கவில்லை. பெரிய மாமா அந்தச் சேலையைத் தன் கையாலேயே போர்த்திவிட்டு, தம்பியின் தோளில் கைவைத்து நின்றார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவர்தான் முதலில் உள்ளே போனார். சத்தியம் வாங்கினவனே சொல்கிறேன், வா என்று அக்காவையும் கூப்பிட்டார்.

ஆனால் எனக்கு மறக்காதது சாவன்று திரும்பி வந்த பஸ். அக்காவும் பெரிய மாமாவும் முன்சீட்டில் இருந்தார்கள், நானும் என் கணவரும் பின்னால். திருத்தணி தாண்டிற்று. பிறகு பெரிய மாமா வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அன்னிக்கி அருவித் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சா, அந்தம்மாவுக்கு?"

அக்கா சற்று யோசித்தார். "இல்ல. வெதுவெதுன்னுதான் இருந்துச்சி."

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். காஞ்சிபுரம் வரும்வரை எடுக்கவில்லை.

இரண்டு பேரும் இப்போது இல்லை. போன கார்த்திகையில் என் மகள் காரில் கைலாசகோனைக்கு அழைத்துப் போனாள். இப்போது கைப்பிடிக் கம்பிகளும் உடை மாற்றும் அறையும் இருக்கின்றன. வழியெல்லாம் கடைகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து அருவியின் கீழே போய் நின்றேன். எழுபது தாண்டிய உடம்பு, தண்ணீர் பட்டதும் எலும்பு வரை நடுங்கியது. மூச்சு முட்டியது. அவ்வளவு குளிர்.

"போதும்மா, வந்துடுங்க," என்று மகள் கரையிலிருந்து கத்தினாள்.

இன்னும் கொஞ்ச நேரம் என்று கை காட்டிவிட்டு அங்கேயே நின்றேன்.