மாமாவின் காரும் முனியாண்டி இறக்கமும்

குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே உங்கள் அம்மா காருக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கார் உங்கள் மாமாவுடையது. அவர் அம்மாவின் தம்பி, எனக்கு மச்சான். சின்னக் கார்தான், பின்கதவைத் தூக்கினால் நாலு அரிசி மூட்டை வைக்கலாம், அவ்வளவே. காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மாமா மண்ணில் குந்தியிருந்தார். பிரேக் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியே திருகைத் திறந்து மூட வேண்டும்.

"மிதி அக்கா... பிடி, பிடி, விட்டுடாத லா!"

"அடுப்புல குழம்பு கொதிக்குதுடா."

"குழம்பு போனா வேற வைக்கலாம். பைப்புல காத்து நின்னா நானே போயிடுவேன்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று அம்மா கரண்டியை ஜன்னல் வழியாக நீட்டி அவர் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அவர் தலைமுடியில் குழம்பு. எல்லோரும் சிரித்தோம். உங்கள் அக்கா அப்போது சின்னப் பிள்ளை. அவளும் கைதட்டிச் சிரித்தாள். சின்னவர்கள் நீங்கள் இருவரும் அப்போது பிறக்கவில்லை. மாமாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அப்போது நாங்கள் சுவா ஊர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். நான் டிராக்டர் ஓட்டினேன். மாமா எங்கள் வீட்டில் தங்கி சிரம்பானில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் காரை ரேஸ் ஓட்டும் தடத்துக்குக் கொண்டுபோவார். கட்டணம் கட்டினால் யாரும் தன் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். முதல்முறை போய்வந்தவர் முகம் வெளுத்துப்போய் இருந்தது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு பிரேக் மிதி அப்படியே தரைவரைக்கும் இறங்கிவிட்டதாம். மறுபடி மறுபடி வேகத்தை அடக்கியதில் பிரேக் சூடேறி, குழாயில் இருக்கும் எண்ணெய் கொதித்துவிடுகிறது. பிறகு நாம் மிதிப்பது எண்ணெயை அல்ல, அதிலுள்ள குமிழிகளை.

அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க்கைப் பெரிதாகப் போட்டார். ரப்பர் குழாயை எடுத்துவிட்டு இரும்பு நூல் பின்னிய குழாய் போட்டார். சுலபத்தில் கொதிக்காத எண்ணெய் வாங்கினார். கடைசியாக, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட். அதிலும் ரேஸுக்கு என்றே செய்தது. அதைத் தம்பின் டவுனில் ஒரு பட்டறையில் வாங்கியபோது நானும் கூட இருந்தேன். பட்டறைக்காரர் டப்பாவைக் கையில் கொடுக்காமலேயே பேசினார்.

"தம்பி, இது சூடானாத்தான் பிடிக்கும். காலங்காத்தால சில்லுனு இருக்கறப்ப மரக்கட்டைதான். ரேஸ் முடிஞ்சதும் கழட்டிட்டு ரோட்டு பேட்டைப் போட்டுக்க."

"சரிண்ணே, சரிண்ணே. டப்பாவை விடுங்க."

முதலில் சொன்னபடிதான் மாற்றினார். பிறகு சோம்பல் வந்துவிட்டது. அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற மண்பாதை நீண்ட இறக்கம். அடிவாரத்தில் முனியாண்டி கோயில். டிராக்டரானாலும் பள்ளி பஸ்ஸானாலும் அந்த இறக்கத்தில் மெல்லத்தான் இறங்கும்; கோயில் முன்னால் ஒரு ஹார்ன், நெஞ்சில் ஒரு கை, அப்புறம்தான் பெரிய ரோடு. மாமா இறக்கம் முழுக்கப் பிரேக்கில் காலை வைத்தபடியே போவார். ரேஸ் பேட் கிரீச்சென்று அலறும். சத்தம் வீடுவரைக்கும் கேட்கும். "தம்பி சாமியைத் தாண்டிட்டான்" என்பாள் அம்மா. அவர் பெரிய ரோட்டைத் தொடும்போது பேட் நன்றாகச் சூடேறியிருக்கும்.

"எனக்கு எதுக்கு மச்சான் ரோட்டு பேட்? முனியாண்டியே சூடு பண்ணி அனுப்பறாரு" என்பார்.

பிறகு தோட்டம் கைமாறியது. வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றார்கள். பூசை போட்டு, ஆடு வெட்டி, முறையாகத்தான் முனியாண்டியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மேட்டை வெட்டிச் சமப்படுத்தி நேராகத் தார் ரோடு போட்டார்கள். பெரிய ரோடுவரைக்கும் கால் பிரேக்குக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாத ரோடு. நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

ரோடு திறந்த சில நாளில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை தூறலாக மிச்சம் இருந்தது. மாமா கிளம்பிப் போனார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "என்னங்க, தம்பி போயிட்டானா? சத்தமே கேக்கலையே" என்றாள்.

"இப்பத்தான் இறக்கம் இல்லையே" என்றேன்.

"ஆமால்ல" என்று மறுபடி மடிக்க உட்கார்ந்தாள்.

பெரிய ரோட்டைத் தொடுகிற முச்சந்தியில் செம்பனைக்குலை ஏற்றிய லாரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் போய் மோதினார். ரோட்டில் சக்கரம் தேய்ந்த கோடே இல்லை. தூங்கிவிட்டார் என்றார்கள் சிலர். முனியாண்டியைப் பேர்த்ததற்கு ஓர் உயிரைக் கேட்டுவிட்டார் என்றார்கள் மற்றவர்கள். காரைப் பார்க்க வந்த தம்பின் டவுன் பட்டறைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வளைந்துபோயிருந்த பிரேக் மிதியைக் காட்டினார். "தூங்கல. பலங்கொண்ட மட்டும் மிதிச்சிருக்கான். ரேஸ் பேட் சில்லுனு இருந்திருக்கு" என்றார். எனக்குச் சாமி கோபித்ததாகத் தோன்றவில்லை. சாமி அங்கே இல்லாமல் போனதுதான் காரணம்.

காரைப் பழைய இரும்புக்குப் போட அம்மா விடவில்லை. சரிசெய்து, இங்கே ரஹாங்குக்கு நாங்கள் குடிவந்தபோது கூடவே கொண்டுவந்தோம். அதை மூடியிருந்த தார்ப்பாய்க்குப் பக்கத்தில்தான் நீங்கள் விளையாடினீர்கள்.

இப்போது உங்கள் அக்கா வேலைக்குப் போகிறாள். அந்தக் கார்தான் வேண்டும் என்றாள். அதோடு நிறுத்தவில்லை, மாமா ஓட்டிய தடத்தில் ஓட்ட வேண்டும் என்றாள். அம்மா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு வாரம் வீட்டில் சரியான பேச்சில்லை. கடைசியில் அக்கா இரண்டு டப்பாக்களை அம்மா முன்னால் வைத்தாள்.

"இது ரோட்டுக்கு, இப்ப வண்டியில போடறது. இது ரேஸுக்கு, டப்பாவுலதான் வரும். அங்க போய் மாட்டுவேன், அங்கேயே கழட்டிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவேன். ஒரு நாள் சோம்பேறித்தனம் பண்ணினேன்னு தெரிஞ்சா நீயே காரை வித்துடும்மா."

அம்மா டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "மழை பேயிற ஒரு காலையில நீங்க கூட உக்காந்து அந்த முச்சந்திவரைக்கும் போயிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

நேற்றுக் காலை மழை. போனோம். தோட்டம் இருந்த இடத்தில் ஒரே மாதிரி வீடுகள். ரோடு பளபளவென்று நீண்டது. முச்சந்தியில் லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. அக்கா பிரேக்கை மிதித்தாள். கார் சத்தமே இல்லாமல், கோட்டுக்கு முன்னாலேயே அடங்கி நின்றது.

"அப்பா, உங்க பக்கம் பிரேக் இல்லப்பா" என்றாள் மெல்ல.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. "தெரியும்மா" என்றேன். லாரி போய், ரோடு காலியாகி, பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்த பிறகும் அந்தக் காலை என்னால் எடுக்க முடியவில்லை.