மரக்கறிக் கட்லற்

பேக்கரி வாசல்களில் பாண் வரிசைகள் முடிந்து கோதுமை மா மறுபடியும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில்தான் என் அக்காவுக்குக் கல்யாணம் பொருந்தியது. காலையில் கோயிலில் தாலிகட்டு. மாலையில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலை மண்டபத்தில் வரவேற்பு. வரவேற்புக்கு என்ன பலகாரம் என்பதை நான்தான் தீர்மானிப்பேன் என்று தலைகீழாக நின்றேன். துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்த எனக்கு நாலைந்து விருந்துகளைப் பார்த்துவிட்ட திமிர்.

வடை, லட்டு, வாழைப்பழம் போதும் என்றார் அப்பா. வடையை வைத்தால் கந்தோர்க்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று நான் சண்டை பிடித்தேன். நாலு நாள் இழுபறிக்குப் பிறகு அவர் களைத்துப்போய் விட்டுக்கொடுத்தார். பேக்கரியில் போய் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து, மீன் றோல்ஸ், மீன் பற்றிஸ், சைவக்காரருக்கு மரக்கறிக் கட்லற் என்று சொல்லிவிட்டு வந்தேன். லட்டும் கேக்கும் எல்லாத் தட்டுக்கும் பொது. அப்பா எழுதிய பட்டியலில் வடையை நானே வெட்டினேன்.

கட்லற்றை மட்டும் இரண்டு தரம் ருசி பார்த்தேன். அதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் தாய், கணவர் போனபிறகு கோணேசர் கோயிலில் நேர்ந்து மச்ச மாமிசத்தை விட்டவர். முட்டைகூடத் தொடமாட்டார். அக்கா போய் இருக்கப்போவது அவருடைய வீட்டில், அவருடைய குசினியில். மூன்று சம்பந்தம் குழம்பி, முப்பத்திரண்டு வயதில் அமைந்த இடம். அந்த மனிசியின் மனம் கோணாமல் நடக்கவேண்டும் என்று அம்மா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று பின்னேரம் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பலகாரம் ஏற்றப் போன வானில் நானும் ஏறிக்கொண்டேன். பேக்கரியின் பின்பக்கம் கடைசித் தட்டுக் கட்லற் பொரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சட்டி நிறைய அடித்த முட்டை.

இது எதற்கு என்று கேட்டேன். பேக்கரிக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. உள்ளே உருளைக்கிழங்கும் லீக்ஸும் மட்டும்தான், எண்ணெய்கூட வேறு, ஆனால் முட்டையில் தோய்க்காமல் றஸ்க் தூள் ஒட்டாது என்றார். மரக்கறிக் கட்லற் என்றுதானே கேட்டீர்கள், முட்டை வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றும் சொன்னார். உண்மைதான், நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒருநாளும் கட்லற் பொரித்ததில்லை; முட்டை சேரும் என்பதே எனக்குத் தெரியாது.

வரவேற்புக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். குறைந்தது மாப்பிள்ளையின் தாயின் காதிலாவது, இதை விட்டுவிடுங்கள் மாமி என்று போட்டிருக்கலாம். ஒரு வசனம்தான். ஆனால் அத்தனை சண்டைக்குப் பிறகு நான் பிழைவிட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம் பாதி, வீம்பு பாதி.

மண்டபத்தில் கச்சான் காற்று மேசைவிரிப்புகளைத் தூக்கித் தூக்கி அடித்தது. காலில் சுடுதண்ணீர் ஊற்றினவள் மாதிரி நான் அங்கும் இங்கும் ஓடினேன். மாமி ஓர் ஓரக் கதிரையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கேக்கை ஒதுக்கிவிட்டு, என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்தக் கட்லற் சைவம்தானே?"

"ஓம் மாமி, சைவம்தான்."

சொல்லிவிட்டு நிற்க முடியாமல், சோடா குடித்து முடித்தவர்களுக்கே இன்னொரு தரம் சோடா கொடுத்துக்கொண்டு திரிந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவருடைய தட்டில் கேக் மட்டும்தான் இருந்தது. ஒரு மனிசியின் நேர்த்திக்கடனை நானே கெடுத்துவிட்டேன். மேடையில் அக்கா சிரித்துக்கொண்டு இருந்தாள். அவளைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

புறப்படும்போது மாமி என்னைத் தனியாகத் தூண் ஓரம் கூட்டிப்போனார். இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துணியை எடுத்து விரித்தார். கட்லற் முழுசாக இருந்தது.

"அவர் இருக்கேக்க நானும் வீட்டில பொரிச்சனான் பிள்ளை. முட்டை இல்லாமல் தூள் ஒட்டாது. தட்டில அப்பிடியே விட்டால் உங்கட அம்மா கவலைப்படுவா எண்டுதான் எடுத்து வச்சனான். நீ தெரியாமத்தான் ஓம் எண்டு சொன்னனியோ?"

தெரியாது மாமி என்று இன்னொரு பொய் நுனிநாக்கு வரை வந்தது. அதைச் சொல்லவும் ஏலவில்லை. தலை குனிந்தேன். அவர் லேஞ்சியோடு கட்லற்றை என் கையில் வைத்துவிட்டுக் காரில் போய் ஏறினார்.

அவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அக்காவைத் தான் பெற்ற பிள்ளையாக வைத்திருந்தார். அவளுக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. நான் போனாலும் நல்லாகத்தான் கதைப்பார், இருத்தி வைத்துச் சாப்பாடு போடுவார். ஆனால் முறுக்கோ மஸ்கற்றோ, நான் எதை வாங்கிக்கொண்டு போனாலும், பார்சலைப் பிரித்து அக்காவிடம் நீட்டி, இது நான் சாப்பிடக்கூடிய சாமானோ என்று கேட்பார். வாங்கிக்கொண்டு போன நான் பக்கத்தில்தான் நிற்பேன்.