காய்ச்சல் இல்லாத உடம்பு

துரைசிங்கத்தைச் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. டிரஸர் ஐயா என்பார்கள். தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுப்பதும் காயம் கட்டுவதும் மட்டுமல்ல, யாருக்கு விடுப்பு என்று முடிவு செய்வதும் அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே குமாஸ்தாவின் மகன். அவருடைய வெள்ளைச் சட்டை கசங்கி யாரும் பார்த்ததில்லை.

காலையில் வேலைக்குப் போகும் முன்பே நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் நாக்கின் கீழும் தெர்மாமீட்டரை வைப்பார். பாதரசம் ஏறியிருந்தால் மாத்திரையும் விடுப்பும் கிடைக்கும். ஏறாவிட்டால், "காய்ச்சல் இல்லை. வேலைக்குப் போகலாம்." தலைசுற்றல் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் அதே பதில்தான். நடிப்பவர்களைக் கண்டுபிடிக்க அந்தக் கண்ணாடிக் குழாய் போதும் என்று நம்பினார். நிர்வாகமும் நம்பியது.

ஓய்வு பெற்றபின் பாக்கார் ஆராங் என்ற பகுதியில் மகள் ஷாந்தினியோடு இருந்தார். எண்பது வயதைத் தாண்டியும் தம் சட்டைக்குத் தாமே இஸ்திரி போட்டார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடிக்கடி கழிப்பறைக்குப் போனார். மறுநாள் வாசலில் செருப்புக்குள் காலை நுழைக்கத் தெரியாமல் நின்றார். ஷாந்தினி அவரைப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நளினி சிரித்தபடி வரவேற்றாள்.

"அங்கிள், நானும் சுங்கை லாலாங்தான். எங்கம்மா சொல்வாங்க, டிரஸர் ஐயா தெர்மாமீட்டரத்தான் கேப்பாரு, ஆளக் கேக்க மாட்டாருன்னு."

"உன்ரை அம்மா பெரிய கள்ளி. பால்மரம் வெட்டப் பஞ்சியில வயித்துவலி எண்டு வந்து நிப்பாள்."

நளினி அவர் விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தாள். சி.ஆர்.பி. என்ற அந்தச் சோதனையில் நல்ல உடம்புக்கு ஐந்தைத் தாண்டாது. அவருக்கு இருநூறை நெருங்கியிருந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"அக்கா, உள்ளுக்குள்ள பெரிய கிருமித் தொற்று இருக்கு. சிறுநீர்லேர்ந்து வந்திருக்கலாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

துரைசிங்கம் சட்டைப் பையிலிருந்து தம் தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினார். "காலமையும் பாத்தனான். காய்ச்சல் இல்லாமல் கிருமியோ?"

"வயசானா சில பேருக்கு உடம்பு சூடாகாது அங்கிள். ரத்தத்துலதான் தெரியும்."

"அப்ப உன்ரை மெஷினுக்குத்தான் காய்ச்சல் லா. ஷாந்தினி, வீட்டை போவம்."

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிய, ஷாந்தினி காரை நிறுத்தினாள். இடப்பக்கம் ஆஸ்பத்திரி, வலப்பக்கம் வீடு. ஷாந்தினி அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. சிறு வயதில் அவளுக்குப் பள்ளிக்கூடமா படுக்கையா என்பதையும் அந்தத் தெர்மாமீட்டர்தான் சொல்லியிருக்கிறது. அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத வரிசையைப் பார்த்து, "அடுத்த ஆள் வா," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால்களில் ஊதா நிறத் திட்டுகள் படர்ந்திருந்தன. ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலம் மிக அதிகம், உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகவில்லை, சிறுநீரகம் நின்றுகொண்டிருக்கிறது என்று டாக்டர் வசந்தன் சொன்னார்.

"நேத்துக் கொண்டு வந்திருந்தா?" என்று ஷாந்தினி கேட்டாள்.

டாக்டர் ரத்த அறிக்கையை மடித்து வைத்தார். "நேத்து இந்த அளவு ஏறியிருக்காதுக்கா."

தாதி வந்து காதில் கருவியை வைத்து வெப்பம் பார்த்தாள். துரைசிங்கம் கண்ணைத் திறந்து, எவ்வளவு என்று விரலை அசைத்துக் கேட்டார். ஷாந்தினி குனிந்து சொன்னாள்.

"முப்பத்தஞ்சரை அப்பா."

அவர் முகம் தெளிந்தது.

"காய்ச்சல் இல்லை," என்றார். "வேலைக்குப் போகலாம்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் அவர் உடலுக்கு அணிவிக்க வேண்டிய வெள்ளைச் சட்டைக்கு ஷாந்தினி இஸ்திரி போட்டாள். பையிலிருந்த தெர்மாமீட்டரை முதலில் எடுத்து வெளியே வைத்தாள்.