சிறுத்துப்போன சீர்த்தட்டு

வில்லாபுரத்தில் எடுத்த காதுகுத்து வீடியோவை என் மேக்கில் எடிட் செய்தேன். அந்த ஃபைல் குழந்தை வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். திறந்தது, ஆனால் படம் பக்கவாட்டில் இழுபட்டு, எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். எந்த செட்டிங்கில் கை வைத்தேனோ, சத்தியமாகத் தெரியவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டி, பழையதை அழித்துவிட்டு, அதே பென் டிரைவில் சரியானதைப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் குழந்தையின் தாய்மாமன் என் வீடியோ கடைக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, முதல்ல குடுத்ததையே குடுங்க. இதுல என் சீர்த்தட்டெல்லாம் சிறுத்துப்போச்சு.”

“அது தப்பா வந்த வீடியோண்ணே!”

“என்ன தப்பு? நான் அம்புட்டுப் பெருசாத்தான செஞ்சேன்?”

அதே தப்பை மறுபடி எப்படிச் செய்வது என்று தெரியாமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.