பெரிய துரை மகனின் கம்ப்யூட்டர்

இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கன்னையா ஒன்பது வருடமாகக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தான். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தொங்கும் தராசில் சாக்கை மாட்டி, முள் நிற்கும்வரை பொறுத்து, ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துச் சொல்வது அவன் வேலை. அந்தக் கழிவுக்காக அவனை ஏசாத பெண் தோட்டத்தில் இல்லை. அவன் மனைவி விஜயகலாவும் கொழுந்து பறிப்பவள்தான். அவள் மடுவத்தில் ஏசமாட்டாள், வீட்டுக்கு வந்து ஏசுவாள்.

மடுவம் மூடிய பிறகு அவன் கம்ப்யூட்டர்காரன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பழுதாகி மூலையில் கிடந்த ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கிக் கழற்றிப் படித்தவன். எந்த ஆணி எந்த ஓட்டையில் இருந்தது என்பது மறந்துபோகாமலிருக்க, ஒரு சவர்க்காரக் கட்டியில் அதே வரிசையில் குத்தி வைப்பான். இரண்டு வருடத்தில் புளத்கொகுபிட்டியக் கடைக்காரர்களே அவனைக் கூப்பிட்டு அனுப்பும் நிலை வந்துவிட்டது.

2007ஆம் ஆண்டு தோட்ட ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஒப்பரேட்டர் எடுக்கப்போவதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஸ்டாப் வேலை, மாதச் சம்பள உத்தியோகம். தனிக் குவாட்டர்ஸ், தனிக் குழாய். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அந்த ஆபீஸ் நாற்காலிக்கு அதுவரை எவரும் போனதில்லை. கன்னையா விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான். மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தோட்ட மேனேஜரான பெரிய துரை பங்களாவுக்கு வரச் சொன்னார்.

துரை சிங்களவர். பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. கன்னையாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

"எங்கள் புதாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், கன்னையா. கேம் விளையாட. சாதாரணமானது சரிவராது. சாமான் ஒவ்வொன்றும் நீயே பார்த்து எடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உன் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்."

புதா என்று துரை சொன்ன மகன் ஆஸ்திரேலியாவில் மெல்பனுக்குப் படிக்கப் போய் இரண்டு வருடமாகிறது என்பது தோட்டத்தில் மாடு மேய்ப்பவனுக்கும் தெரியும்.

"நல்லது தொர. சின்ன மஹத்தயா என்ன கேம் விளையாடுவார்?"

துரை நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டார். யுத்த டாங்கிகள், பாலங்கள், பனியில் ஓடும் ஜீப்புகள், தூரத்துப் புல் அசைவது தெளிவாகத் தெரியாததால் எதிரியிடம் அகப்பட்டுப்போவது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். இடையில் ஒருமுறை "நான் சுட்டேன்" என்று வந்துவிட்டது. "புதா சுட்டான்" என்று திருத்திக்கொண்டார். கன்னையா தலையைக் குனிந்து குறிப்பெழுதினான்.

அவன் தெரிவு செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். கிராபிக்ஸ் கார்ட்டிலிருந்து தொடங்கினான். புல் அசைவதும் அசையாததும் அதன் கையில்தான் இருக்கிறது. அது பத்தரை அங்குல நீளம் என்று ஒரு சஞ்சிகையில் படித்தவன், அந்த அளவுக்கு ஓர் ஈர்க்கை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போய், கேசிங் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி உள்ளே விட்டுப் பார்த்தான். ஆறில் ஈர்க்கு முட்டியது. ஏழாவதில் போனது. கார்ட்டுக்கு ஏற்ற மதர்போர்ட், அதற்கு ஏற்ற ப்ரொசசர், ஒரே தொகுதியில் செய்த இரண்டு ரேம் என்று ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்தான். கல்யாணத்துக்குக்கூட அவன் வீட்டில் அவ்வளவு பார்க்கவில்லை என்றாள் விஜயகலா.

மிஞ்சியது பவர் சப்ளை. எல்லாவற்றுக்கும் மின்சாரம் பங்கிட்டுக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. பேக்டரியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகள் ஓடத் தொடங்கினால் பங்களா விளக்குகள் மங்கும். அதனால் இதில் பிழை விடக்கூடாது என்று அவன் உறுதியாக இருந்தான். நல்ல பவர் சப்ளைக்குள் செம்புக் கம்பி நிறைய இருக்கும், பாரமாக இருக்கும். மட்டமானது பஞ்சுபோல் இருக்கும் என்று படித்திருந்தான். படித்ததில் அவனுக்கு ஆகப் பிடித்த வரி அதுதான்.

வரக்காப்பொலவில் முக்தார் நானாவின் கடைக்குப் போனவன் பையிலிருந்து ஒரு கைத்தராசை எடுத்தான்.

"இது என்னத்துக்குத் தம்பி?" என்றார் முக்தார். "நான் என்ன கருவாடா விக்கிறன்?"

"நிறுத்துப் பாத்துத்தாங்க எடுப்பேன், நானா."

"பெட்டிக்குப் பின்னால எழுதி ஈக்கி, எந்தக் கம்பியில எத்தின அம்பியர் எண்டு. அத வாசிங்க."

"எழுதுறவன் என்னா வேணும்னாலும் எழுதலாங்க. தராசு பொய் சொல்லாது."

முக்தார் மேசையைத் துடைத்துவிட்டு ஐந்து பவர் சப்ளைகளை வரிசையாக வைத்தார். கன்னையா ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டி, முள் நிற்கும்வரை பொறுத்திருந்து குறித்தான். கழுகுப் படம் போட்ட ஒரு பெட்டி மற்ற எல்லாவற்றையும்விட முக்கால் கிலோ கூட. அதையே எடுத்தான்.

திரும்பும் வழியில் இராணுவத்தார் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். கம்பி, இரும்புப் பெட்டி, தராசு, தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை. யுத்தம் நடந்த அந்த நாளில் இந்த நான்கும் ஒரே பையில் இருப்பது நல்லதல்ல. துரையின் கடிதம் இருந்ததால் தப்பினான். 'என் மகன் விளையாடுவதற்கான சாமான்கள்' என்று அதில் எழுதியிருந்தது. சிப்பாய் அதைப் படித்துவிட்டு, எத்தனை வயதுப் பிள்ளை என்று கேட்டான்.

வீட்டில் விஜயகலா அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கே. உள்ளாற என்னாங்க?"

"செம்புக் கம்பி. பாரமா இருந்தா நல்ல சாமான்னு அர்த்தம்."

"மழ நாள்ல எங்க சாக்கும் பாரமாத்தான் இருக்கு. அதுக்கு மட்டும் கழிக்கிறீங்க."

"கொழுந்தும் இதுவும் ஒண்ணா?"

"தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்கக் கூடாது. ஸ்டிக்கர் கிழிஞ்சா கெரன்டி போயிரும்."

அவள் ஏசாமல் பெட்டியைக் கீழே வைத்தாள். அது அவனுக்கு ஏச்சைவிடத் தொல்லையாக இருந்தது.

ஒரு போயா விடுமுறை நாளில் பங்களாவில் வைத்துப் பூட்டி முடித்தான். முதல் சொடுக்கிலேயே உயிர் வந்தது. புல் அசைந்தது. துரை அவன் தோளில் தட்டினார். லயத்துக்கு இறங்கி வரும்போது கன்னையா குவாட்டர்ஸ் பக்கமாகச் சுற்றி வந்து, குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டான்.

நான்காம் நாள் மடுவத்துக்கு ஆள் வந்தது. பங்களாவுக்குப் போனால் துரையின் முகம் நன்றாக இல்லை.

"புதா டெலிபோனில் சொன்னான். மிஷின் நின்றுபோகிறதாம்."

மெல்பனிலிருந்து பேசிய மகனுக்கு பங்களாவின் முன்னறையில் மிஷின் நிற்பது எப்படித் தெரியும் என்று கன்னையா கேட்கவில்லை.

"எந்த இடத்தில் நிற்கிறது என்று சொன்னாரா, தொர?"

"மூன்றாவது பாலம். எதிர்ப்பக்கம் டாங்கிகள் மொத்தமாக வரும்போது. மூன்று தடவை. இரண்டு மணி நேரம் பாடுபட்டுப் போய் அந்த இடத்தில்..." துரை நிறுத்தினார். "பையன் நொந்துபோயிருக்கிறான்."

காட்சி கனக்கும்போது கார்ட் மின்சாரத்தை மொத்தமாக இழுக்கும். அப்போதுதான் நிற்கிறதென்றால் குற்றம் வேறு எங்கும் இல்லை. கன்னையா பவர் சப்ளையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தான். உள்ளே கொஞ்சம் கம்பி, சின்னதாய் ஒரு டிரான்ஸ்போமர். அதற்குப் பக்கத்தில் ஆணி போட்டு முடுக்கிய ஒரு வார்ப்பிரும்புக் கட்டி. அது எதனோடும் தொடுக்கப்படவில்லை. தராசில் போட்டான். எழுநூற்றைம்பது கிராம்.

விஜயகலா முள்ளை எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு கழிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் பங்களாவுக்கு ஏறும் பாதையில் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் ஆனந்தராசா எதிர்ப்பட்டார். யாழ்ப்பாணத்தவர். இருபது வருடமாகப் பேரேடுகளோடு இருப்பவர். கன்னையா கட்டியைச் சுற்றியிருந்த கடதாசியைப் பிரித்துக் காட்டினான். அவர் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். சிரிக்கவில்லை.

"உதை ஏன் மேல கொண்டுபோறீர்? கரண்ட் பிழை எண்டு சொல்லும். இந்தத் தோட்டத்தில கரண்டைக் குற்றஞ் சொன்னால் ஒருத்தரும் கோவிக்காயினம்."

"கரண்டுல பிழை இல்லைங்களே ஐயா."

"அப்ப உம்மட உத்தியோகம்?"

கன்னையா மேலே ஏறினான். பழி கரண்டின் மேல் விழுந்தால், துரை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றுவார். மூன்றாவது பாலத்தில் மறுபடியும் நிற்கும். இல்லாத பிழையை ஆட்கள் தேடித் திரிவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் கட்டியைத் துரையின் மேசைமேல் வைத்தான்.

"நான் ஏமாந்துட்டேன் தொர. எழுதியிருந்ததை வாசிக்காம, பாரத்தைப் பார்த்து எடுத்தேன்."

துரை கட்டியை உருட்டிப் பார்த்தார்.

"ஒன்பது வருடம் தராசு பிடித்தவன் நீ."

"ஆமா தொர."

"நல்லது வேறு போட எத்தனை நாள்?"

"நாளைக்கே தொர."

"இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். பாலத்தைப் பற்றியும்."

"பாலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது தொர. அது சின்ன மஹத்தயாவின் விஷயம்."

துரை அவனை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் முக்தார் கட்டியைக் கண்டதும் கிழிந்த ஸ்டிக்கரைப் பற்றி வாய் திறக்கவில்லை. கழுகுப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, தராசு எங்கே என்று மட்டும் கேட்டார். கன்னையா ஒவ்வொரு பெட்டியின் முதுகையும் மூக்கு முட்ட வாசித்து, அம்பியர்களைக் கூட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சின்ன மஹத்தயா மூன்றாவது பாலத்தைத் தாண்டிவிட்டதாகத் துரை ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்.

அடுத்த மாதம் நியமனக் கடிதம் வந்தது. அதை ஆனந்தராசாதான் கொடுத்தார்.

"கொழும்பில படிச்ச ரெண்டு பெடியளும் கேட்டவங்கள். துரை உம்மைத்தான் எண்டு நிண்டிட்டார். கொம்பியூட்டர் தெரியும் எண்டதுக்காக இல்லைத் தம்பி, பிழையாய் விளங்கிக் கொள்ளாதையும். உமக்கு வாய் சிறிசு."

கன்னையா குவாட்டர்ஸுக்குக் குடிபோனான். லயத்தார் அவனை ஐயா என்றார்கள். கம்பெனி பதவியை அனுமதித்திருந்தது. கம்ப்யூட்டரை இன்னும் அனுமதிக்கவில்லை. அது அடுத்த வருடப் பட்ஜெட்டில் வரும் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். ஆனந்தராசா தன் பேரேடுகளில் தடித்தது ஒன்றை எடுத்து அவன் முன் வைத்து, "அது வருமட்டும் இதைப் பாரும்" என்றார்.

குடிபோன முதல் மாதச் சம்பள நாளன்றே, புதுக் குழாயில் பானை நிரப்பிக்கொண்டே விஜயகலா கேட்டாள்.

"அப்ப மேசையில என்னாதாங்க இருக்கு?"

"பேரு எழுதுன பலகை."

"என்னா எழுதியிருக்கு?"

"கம்ப்யூட்டர் ஒப்பரேட்டர்."

அவள் குழாயை மூடினாள். "நல்லதாப் போச்சு. பழுதாகாது."