மச்சான் ஊதிய விசில்

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் ஒரு கறுப்பு வெள்ளை வரிச்சட்டை காய்ந்துகொண்டிருக்கும். ஈரச்சட்டையை அப்படிப் போட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று நான் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் அது அங்கேயே காயும். சொல்லிச் சலித்த ஒரு நாள் அதன் கோடுகளை எண்ணினேன். முன்பக்கம் பதினாறு, பின்பக்கம் பதினைந்து. அந்த ஒரு கோடு எங்கே போனது என்ற கவலை எனக்குச் சில நாட்கள் இருந்தது.

சட்டைக்குரியவன் என் மனைவியின் தம்பி, என் மச்சான். யாழ்ப்பாணத்திலிருந்து பள்ளிக்கூட வயதில் வந்து எங்களோடு தங்கியவன். குரொய்டனில் கல்லூரிக்குப் போனபோது கூட்டாளி ஒருவன் அவனை அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடக் கூட்டிக்கொண்டு போனான். காலால் உதைக்கும் பந்தாட்டம் அல்ல இது. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்தவர்கள், முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுபவனை மோதி விழுத்தும் ஆட்டம். இரண்டாவது மாதமே மச்சானின் தோள் எலும்பு முறிந்தது. இத்தோடு விட்டுவிடுவான் என்று நாங்கள் ஆறுதலடைந்தோம். கைக்கட்டு அவிழ்த்த கிழமையே அவன் வரிச்சட்டையோடு வந்து நின்றான்.

"இனி விளையாடமாட்டன் அத்தான். நடுவராப் போறன். நடுவரை ஒருத்தரும் இடிக்க ஏலாது."

அது உண்மையில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நடுவர்களும் இடிபடுவார்கள். வேண்டுமென்று இடிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தில் நடுவர் பிழை கண்டால் மஞ்சள் கொடி எறிவார். கொடி என்று பெயரே தவிர அது கைக்குட்டையளவு துணிதான். காற்று அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க நடுவில் பாரம் வைத்துத் தைத்திருக்கும். மச்சான் தன் முதல் கொடியைத் தொலைத்தபோது மனைவி வேறொன்று தைத்துக் கொடுத்தாள். பாரத்துக்கு ஒரு பிடி பயறு வைத்தாள். அடுத்த ஆட்டம் முழுவதும் மழை. நனைந்த கொடி ஒரு கிழமை பைக்குள்ளேயே கிடந்தது. மறு ஞாயிறு அவன் அதை எடுத்து எறிந்தபோது தையலுக்குள்ளால் முளை எட்டிப் பார்த்ததாம்.

"அக்கா, பிழை விட்டவனே சிரிச்சுப்போட்டான்" என்று வந்து சொன்னான். மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நல்ல பயறு என்பதற்கு அதுவே சாட்சி என்றாள்.

உறவினர்களுக்கு அவன் வேலை ஒருநாளும் விளங்கியதில்லை. சட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த, வயதுக்கு வந்த உறவுக்காரப் பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு அவன் மைதானத்திலிருந்து நேரே வந்தான். மேலங்கிக்குள்ளால் வரிச்சட்டை தெரிந்துவிட்டது. மனைவியின் தாய்மாமன் கண்டுவிட்டார்.

"அங்கை பாருங்கோ, வரிக்குதிரை வந்திட்டுது! புல்லுக் கில்லுப் போடுங்கோவன்."

"புல்லு வேண்டாம் மாமா. ரோல்ஸ் மிச்சமிருந்தால் போடுங்கோ."

"இத்தினை வருசமா ஊதுறாய். ஆராவது ஒருநாள் உனக்குக் கை தட்டினவையோ?"

"தட்டினால்தான் மாமா எனக்குப் பயம். ஒரு பக்கம் சாய்ஞ்சிட்டன் எண்டெல்லோ அர்த்தம்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் நான் அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுவந்து யோசித்தேன்.

அதன் பிறகுதான் அவனுடைய ஆட்டங்களைப் பார்க்கப் போகத் தொடங்கினேன். நாள் முழுக்க ஓடிய காலோடு கார் ஓட்டிக்கொண்டு வருகிறானே என்ற பயமும் ஒரு காரணம். ஊரில் கணக்குப் படிப்பித்துவிட்டு, இங்கே கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விளையாட்டு எனக்குத் தூரம். ஆனால் மச்சான் மைதானத்தில் செய்த ஒரு காரியம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பந்து நகருமுன் அவன் வீரர்களை எண்ணினான். ஓர் அணியில் பதினொருவர்தான் நிற்கலாம். கணக்குச் சரியென்றால் விரல்களை மடக்கி, முட்டியை முன்னால் நீட்டுவான். எதிர்ப்புறம் நிற்கும் நடுவரும் எண்ணிவிட்டு முட்டியை நீட்டுவார். ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் இது நடக்கும், ஒரு தடவைகூடத் தவறாது. நானும் மடக்குக் கதிரையில் இருந்தபடி எண்ணி முட்டியை நீட்டுவேன். மனைவி என் கையைப் பிடித்து இறக்குவாள். "சும்மா இருங்கோ, ஆக்கள் பாக்கினம்."

வார நாட்களில் மின்சார வேலை, வார இறுதியில் வரிச்சட்டை என்று இருபது வருடங்களுக்கு மேல் போயிற்று. கலியாணம் செய்து தோர்ண்டன் ஹீத்துக்கு வீடு மாறிப் போன பிறகும் அவன் நிறுத்தவில்லை. அவன் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆடும் அணிகளின் போட்டிகளில் தொழில்முறை நடுவராக நிற்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன், உள்ளூர்க் கழகங்களின் இறுதிப் போட்டிக்கு அவனைப் போட்டார்கள். தொழில்முறை நடுவர்களைத் தெரிவுசெய்யும் ஒருவர் அதைப் பார்க்க வரப்போவதாகத் தெரிந்தது. மச்சானுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

"இதுதான் கடைசி அத்தான். இனி இளம் ஆக்களைத்தான் பாப்பினம்" என்றான். எனக்கு அன்றிலிருந்து நித்திரை குறைந்தது.

இந்த ஆட்டத்தில் விசிலுக்கு ஒரு கடுமையான விதி உண்டு. ஊதினால் அந்த நகர்வு அத்தோடு முடிந்தது. பிறகு நடந்தது எதுவும் செல்லாது. ஊதியதைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே நடுவர் பந்தைக் கண்ணால் காணாமல் ஊதக்கூடாது. மச்சான் விசிலை வாயில் வைத்திருப்பதே இல்லை. விரலில் மாட்டியிருப்பான். கை வாய்க்குப் போகிற நேரத்துக்குள் கண் பந்தைத் தேடிவிடும் என்பான்.

இறுதிப் போட்டியின் கடைசிப் பகுதியில், பந்தோடு ஓடிய ஒருவனை ஏழெட்டுப் பேர் அமுக்கினார்கள். மச்சான் ஊதினான். அதே கணத்தில் குவியலின் மறுபக்கத்தால் பந்து வெளியே உருண்டது. எதிரணிப் பையன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு மைதானத்தின் எல்லைவரை தனியே ஓடிப் போய்ச் சேர்ந்தான். பாதிக் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. தலைமை நடுவர் மச்சானிடம் வந்தார். அவர் கேட்டதும் மச்சான் சொன்னதும் எங்களுக்குக் கேட்கவில்லை. மச்சான் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது மட்டும் தெரிந்தது. பிறகு ஒலிபெருக்கியில் தலைமை நடுவரின் குரல் வந்தது: விசில் தவறுதலாக ஊதப்பட்டது, ஓட்டம் செல்லாது. அந்த அணியின் பயிற்றுநர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். மச்சானின் முகத்துக்கு நேரே வந்து கத்தினார். அந்த அணி மூன்று புள்ளிகளால் தோற்றது. அந்த ஓட்டம் ஒன்றுக்கே ஆறு புள்ளிகள்.

திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். மனைவியால் பொறுக்க முடியவில்லை.

"நீ ஏன்டா உன்ர பிழை எண்டு சொன்னனீ? அவன் பந்தோட விழுந்திட்டான் எண்டு சொல்லியிருக்கலாம்தானே. அந்தக் குவியலுக்குள்ளை ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை அக்கா."

"பின்னை?"

"நானும் காணேல்லை. அதைத்தான் சொன்னனான்."

அந்தப் பயிற்றுநர் கத்தும்போது என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்டேன். "உங்கட பெடியன் நல்லா ஓடினவன், நான் கெடுத்துப்போட்டன் எண்டன்" என்றான். பிறகு கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வருடம் அழைப்பு வரவில்லை. மச்சான் பழையபடி சேற்று மைதானங்களுக்குப் போய் எண்ணிக்கொண்டிருந்தான். சோர்ந்துவிடுவானோ என்று நான் அடிக்கடி தொலைபேசி எடுத்துக் கேட்பேன். சாப்பிட்டியளோ என்று என்னையே திருப்பிக் கேட்பான். அடுத்த வசந்தத்தில், ஏதோ ஒரு வீட்டில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு அழைப்பு வந்தது. தொழில்முறை நடுவராக எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று கேள் என்றேன். "எடுத்ததுக்கு ஆர் அத்தான் விளக்கம் கேக்கிறது?" என்றான். இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் பறக்கிறான். பாஸ்போர்ட் எடுத்தாயா, முழங்காலுக்குப் பட்டி எடுத்தாயா என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

இந்தக் கோடையில் அவனுக்கு லண்டனிலேயே ஒரு போட்டி கிடைத்தது. நாங்கள் இருவரும் போனோம். மடக்குக் கதிரை இல்லை, இலக்கமிட்ட இருக்கை. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், அவன் நின்ற பக்கத்திலேயே பந்து ஒரு மனிதக் குவியலுக்குள் மறைந்தது. ஊது ஊது என்று கூட்டம் கத்தியது. மனைவி என் கையைப் பிடித்தாள். மச்சான் ஊதவில்லை. குவியலை நோக்கி ஓடினான். உடம்புகளை ஒவ்வொன்றாக விலக்கிக் குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான். பிறகு ஊதினான், நிமிர்ந்து, பந்து கைமாறிவிட்டதென்று கையை நீட்டிக் காட்டினான்.

பந்தை இழந்த அணியின் பயிற்றுநர் கோட்டோரமாக அவனிடம் ஓடி வந்தார். உயரமான, பருத்த மனிதர். அவர் ஒரு கேள்வி கேட்டார். மச்சான் ஒரு பதில் சொன்னான். என்ன கேட்டார் என்பதைப் பிறகு எங்களுக்குச் சொன்னான்.

"பந்தைக் கண்டனியோ எண்டார். கண்டனான் எண்டன்."

பயிற்றுநர் சரியென்று தலையை ஆட்டினார். திரும்பி நடந்துபோய் அடுத்த நகர்வுக்குத் தன் ஆட்களை மைதானத்துக்குள் அனுப்பினார்.